சேலத்துக்குக் குடிவருகிறீர்களா? யாரிடம் எந்தப் பேச்சு: ஒரு வழிகாட்டி

நான் அம்பாசமுத்திரத்துக்காரி. செவ்வாய்ப்பேட்டையில் காப்பிக்கொட்டையும் மிளகும் வாங்கி விற்கிற ஒரு மண்டியில் கணக்கு எழுத வந்து மூன்று வருடம் ஆகிறது. வந்த புதிதில், இரண்டே மாதத்துக்குள், கைக்கு வந்த வீடு ஒன்று நழுவிப் போனது. ஆதாரில் அப்பா பெயர் எழுத்து மாறியது. 1,300 கிலோ மிளகு தொலைபேசியில் 1,800 கிலோ ஆனது. பக்கத்து வீட்டு அக்கா, நான் அவரோடு சண்டை பிடித்ததாக நினைத்துக்கொண்டு ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. நாலுக்கும் காரணம் என் பேச்சு. நானும் தமிழ், அவர்களும் தமிழ். ஆனால் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்குக்கு ஓட்டம் அதிகம்.

வேலைக்கோ, படிப்புக்கோ, கல்யாணமாகியோ தெற்கேயிருந்து சேலம் வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தஞ்சாவூர், சென்னைக்காரர்களுக்கும் பாதி பொருந்தும்.

1. முதல் 15 நாள் உங்கள் பேச்சை நீங்களே கேளுங்கள்

தேவை: கைப்பேசி, 20 ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம்.

அம்மாவோடு பேசும்போது உங்கள் பக்கத்துப் பேச்சை மட்டும் இரண்டு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். மறுநாள் பொறுமையாகக் கேளுங்கள். நான் கேட்டபோது எனக்கே மூச்சு முட்டியது. "சொல்லுதேன்", "வாரீயளா", "பொறவு" என்று கொட்டுகிறது. நடுவில் நிறுத்தம் என்பதே இல்லை. இப்படிப் பேசினால் புதிதாகக் கேட்கிறவர் முதல் வாக்கியத்தைப் பிடிப்பதற்குள் நாம் மூன்றாவதில் இருப்போம். (மற்றவர் பேச்சைக் கேட்காமல் பதிவு செய்யாதீர்கள். தெரிந்தால் மனஸ்தாபம்தான் மிச்சம்.)

நோட்டில் கோடு போட்டு இரண்டு பத்தி பிரியுங்கள். இடது பக்கம் நம் சொல், வலது பக்கம் இங்கே காதில் விழும் சொல். என் முதல் பக்கம் இது: சீனி – சக்கரை, வாரியல் – சீமாறு, சாரம் – கைலி, முடுக்கு – சந்து, மண்டையிடி – தலைவலி, தடுமம் – சளி. கடைசி ஜோடி மருந்துக்கடையில் கிடைத்தது. "தடுமம் பிடிச்சிருக்கு, மாத்திரை குடுங்க" என்றேன். கவுன்டரில் இருந்த பையன் நிஜமான கவலையோடு, "யாருங்க புடிச்சது?" என்று கேட்டான்.

ஒரு மாதத்தில் அறுபது சொல் சேர்ந்தது. அதற்கு மேல் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பயந்துபோய் ஒரு பேச்சுப் பயிற்சி வகுப்பில் 4,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். ஆறு வாரம், வாரம் மூன்று நாள். டிவி செய்தி வாசிப்பது மாதிரி பேசச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தத் தமிழில் லீ பஜார் மொத்தச் சந்தையில் மூட்டை தூக்குகிறவரிடம் பேசிப் பாருங்கள். மேலே கீழே பார்ப்பார். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல மிக்ஸி வாங்கியிருக்கலாம்.

2. எதை மாற்றுவது, எதைத் தொடக் கூடாது

மூன்றை மாற்றினால் போதும். வேகத்தைக் குறையுங்கள். பொருளின் பெயரை மாற்றுங்கள். முடிவில் "ங்க" சேருங்கள். "சாப்பிட்டியளா" என்பது "சாப்பிட்டீங்களா" ஆகும், "சொல்லுதேன்" என்பது "சொல்றேங்க" ஆகும், வெறும் "சரி" என்பது "சரிங்க" ஆகும். இந்த ஊரில் வயதில் சின்னவருக்கும், கடன் கேட்டு வந்தவருக்கும், கோபத்தில் இருக்கும்போதும்கூட "ங்க" உண்டு. "காசு குடுக்க மாட்டீங்கன்னா பொருளத் தூக்கிட்டுப் போயிருவேங்க" என்று மிரட்டியவரை நானே பார்த்திருக்கிறேன்.

தொடக் கூடாதது ராகம். கோயம்புத்தூர் இழுவையை சினிமாவில் கேட்டுவிட்டு "ஏனுங்க" என்று ஆரம்பித்தேன். எதிரில் இருந்தவர் கிண்டல் செய்கிறேன் என்றே எடுத்துக்கொண்டார். சேலம் கோயம்புத்தூர் இல்லை. சங்ககிரி, எடப்பாடிப் பக்கம் போனால் கொங்குப் பேச்சு கனமாக இருக்கும்; ஆத்தூர்ப் பக்கம் போனால் வேறு சாயல்; நகரத்துக்குள் எல்லாம் கலந்து கிடக்கும். எந்தச் சாயலைப் பிடித்தாலும் இன்னொருவருக்கு அது தப்பாகப்படும். ராகம் உங்கள் ஊருடையதாகவே இருக்கட்டும். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை.

"வே", "ஏளா", "லே" மூன்றையும் வீட்டிலேயே பூட்டி வைத்துவிடுங்கள். நமக்கு அது பாசம்; இங்கே கேட்பவருக்கு வசவு. பக்கத்து வீட்டு அக்கா விஷயம் அப்படித்தான் ஆனது. அதே மாதிரி, வயதானவர் உங்களை "வா சாமி", "என்ன கண்ணு" என்று கூப்பிட்டால் நையாண்டி என்று நினைக்காதீர்கள். அது அன்பு.

3. வீடு பார்க்கும்போது

பணம் அதிகம் போகக்கூடிய கட்டம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் காலம். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புதிதாகப் பால் காய்ச்சமாட்டார்கள். ஆடியில் வீடு பார்த்துப் பேசி முடித்து, ஆவணியில் குடிபோவது நல்ல கணக்கு. வீடு காலியாக நிற்பதால் வீட்டுக்காரரும் கொஞ்சம் இறங்கி வருவார். ஆனால் ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நடக்கும் நாட்களில் பிளம்பர், பெயின்டர் என்று எந்த வேலையாளும் கிடைக்கமாட்டார். எங்கள் பிளம்பர் சங்ககிரிப் பக்கத்துக்காரர், "நோம்பி கழிச்சு வரேங்க" என்றார். அவர் நோன்பு இருக்கிறாராக்கும் என்று நினைத்து, பக்குவமாக, "உடம்பப் பாத்துக்கோங்க" என்று சொல்லி வைத்தேன். நோம்பி என்றால் இந்தப் பக்கம் பண்டிகை.

அதைவிடப் பெரிய பொறி "பொழுதோட". எங்கள் ஊரில் "பொழுதோட வந்துரு" என்றால் வெளிச்சம் இருக்கும்போதே, சீக்கிரமாக வந்துவிடு என்று பொருள். இங்கே பொழுதோட என்றால் சாயங்காலம். பொன்னம்மாபேட்டையில் ஒரு நல்ல வீடு, வாடகை 7,500. வீட்டுக்காரம்மா "பொழுதோட வாங்க, அவரு வந்துருவாரு" என்றார். நான் மூன்று மணிக்கே போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்று திரும்பிவிட்டேன். ஆறரை மணிக்கு வேறொருவர் வந்து 2,000 ரூபாய் டோக்கன் கொடுத்து முடித்துவிட்டார். அதிலிருந்து யார் நேரம் சொன்னாலும் "எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டு எண்ணாக வாங்கிக்கொள்கிறேன்.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார் நகல் 2, புகைப்படம் 2, வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதம். முதல் பேச்சு அநேகமாக வீட்டுக்கார அம்மாவிடம்தான் நடக்கும்; முடிவும் பெரும்பாலும் அவருடையதுதான். வாசலிலேயே நின்று, ஊர், வேலை, எத்தனை பேர் என்ற மூன்றையும் நிதானமாகச் சொல்லிவிடுங்கள். ஏனென்றால் உங்கள் பேச்சைக் கேட்டதும் "இந்தப் பக்கத்துப் பேச்சு இல்லையே, எந்த ஊருங்க?" என்ற கேள்வி வரும். அதன் பின்னாலேயே "என்ன ஆளுங்க?" என்பதும் வரலாம். எதைக் கேட்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "அம்பாசமுத்திரத்து ஆளுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். அதற்கு மேல் தோண்டிய இரண்டு வீட்டில் நானே வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

சிலர் உள்ளூர் நண்பரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசவைப்பார்கள். நானும் செய்தேன். "அந்தப் பொண்ணு ஏன் வாயே தொறக்கல?" என்று பின்னால் கேட்டார்களாம். நீங்களே பேசுங்கள்.

முன்பணம்: 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. 7,500 வாடகைக்கு அது 22,500. பிறகு பிடித்த வீட்டுக்கு என்னிடம் கேட்டது 60,000. பேசி 40,000-க்கு வந்தது. கையெழுத்துக்கு முன்னால் அந்த வரியைப் படித்துவிடுங்கள், பிறகு சட்டம் பேசிப் பயனில்லை. தரகருக்கு ஒரு மாத வாடகை. முத்திரைத்தாள், தட்டச்சு எல்லாம் சேர்த்து எனக்கு 700 ஆனது.

4. பெயரும் முகவரியும்: வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள்

அப்பா பெயர் இசக்கிமுத்து. எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு இசக்கி, இரண்டு சுடலை இருப்பார்கள். பேச்சில் எல்லோரும் "எசக்கி" என்றுதான் சொல்வோம். சேலத்தில் இந்தப் பெயர் பழக்கமில்லை. ஆதார் மையத்தில் முகவரி மாற்றப் போனேன். கணினிக்கு முன்னால் இருந்த பெண், "யார் மூலம்னு போடணும், சொல்லுங்க" என்றார். சொன்னேன். காதில் விழுந்தபடி "ஈ" என்ற ஆங்கில எழுத்தில் ஆரம்பித்துத் தட்டினார். தமிழில் எசக்கிமுத்து என்று வந்துவிட்டது. வங்கிப் புத்தகத்தில் இசக்கிமுத்து. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று கேஸ் இணைப்புக்கான விண்ணப்பம் திரும்பி வந்தது.

பழைய ஊரில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து வாங்கிய சீட்டு என்னிடம் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மின்சார அடுப்பில் ஒரு மாதம் சோறு பொங்கினேன்.

திருத்த மறுபடியும் மையத்துக்கு நடை. முகவரி, பெயர் போன்ற மாற்றத்துக்கு இப்போது கட்டணம் 75 ரூபாய். எனக்கு 12 நாளில் மாறி வந்தது. அதைவிட, அரை நாள் விடுப்பு இரண்டு தடவை போனதுதான் வலித்தது.

ஆகவே ஒரு அட்டையில், தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும், உங்கள் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், முழு முகவரி, பின்கோடு எல்லாம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மேசைக்குப் போனாலும் அதை முதலில் நீட்டுங்கள். தட்டி முடித்ததும் திரையில் எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டுப் பிறகு சரி சொல்லுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு மனு கொடுக்கப் போனாலும் இதே முறைதான். எழுதிய மனுவில் ஊர்ப் பேச்சு தெரியாது. நான் அதிகம் பதறாமல் நின்ற இடம் அது ஒன்றுதான்.

5. பேசிப் பழக நல்ல இடம் உழவர் சந்தை

கடைத்தெருவில் பேரம் பேசிக்கொண்டே பேச்சையும் மாற்றுவது இரட்டைச் சுமை. சூரமங்கலம் உழவர் சந்தைக்குப் போங்கள். விலைப்பலகை இருக்கிறது, பேரம் கிடையாது. தப்பாகப் பேசினாலும் காசு போகாது. முதல் கூட்டம் கலைந்த பிறகு, எட்டரை மணி வாக்கில் போனால், விற்கிறவருக்கும் பேச நேரம் இருக்கும். "இது எப்படி சமைக்கறதுங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பத்து நிமிடம் சேலத்துப் பேச்சு இலவசம். வாரம் இரண்டு நாள், 100 ரூபாய்க் காய். நான் கட்டிய 4,500-ஐ விட இதில் கற்றது அதிகம்.

சாயங்காலம் தட்டுவடை செட் கடையும் பரவாயில்லை. ஆனால் அங்கே வாய் பேச மறந்துவிடும்.

6. தொலைபேசியில் எண்கள்

எங்கள் மண்டிக்குச் சென்னையிலிருந்து ஒருவர் மிளகு வாங்குவார். நான் "ஆயிரத்து முன்னூறு" என்று ஓட்டமாகச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு "எண்ணூறு" என்று கேட்டிருக்கிறது. அவர் அனுப்பிய லாரி இடம் மிச்சமாகத் திரும்பியது. வாடகை வித்தியாசத்தில் 3,000 ரூபாய் முதலாளி கையிலிருந்து போனது. என் சம்பளத்தில் பிடிக்கவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அதனாலேயே இரண்டு நாள் தலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இப்போது என் வழக்கம்: எண்ணைச் சொல்லி, பிறகு இலக்கம் இலக்கமாகச் சொல்லி ("ஒண்ணு, மூணு, சைபர், சைபர்"), கடைசியில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். எதிராளி சிரிப்பார். லாரி வாடகையை நினைத்துக்கொள்வேன்.

சென்னைக்காரரிடம் பேசும்போது அவர் மாதிரி "இன்னா" போட்டுப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். சேலத்தில் பழகிய அதே மெதுவான பேச்சு அவருக்கும் போதும். ஆளுக்கு ஒரு குரல் தயார் செய்தால் அவசரத்தில் எல்லாம் குழம்பும்.

7. மலைக்குப் போனால்

காப்பி பறிக்கும் காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, வாரம் ஒரு நாள் நான் ஏற்காடு போவேன். மிளகு அதற்குப் பின்னால் வரும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறியதும் காது அடைக்கும். காது அடைத்தால் எதிராளி பேசுவது மங்கலாகக் கேட்கும், நாமும் கத்திப் பேசுவோம். திருநெல்வேலிக்காரி கத்தினால் எப்படி இருக்கும்! முதல் தடவை நாகலூர்ப் பக்கம் ஒரு பெரியவரிடம் மூட்டைக் கணக்குக் கேட்கப் போய், அவர் வீட்டுப் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. இறங்கியதும் எச்சில் விழுங்கி, ஒரு கொட்டாவி விட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். டீ 15 ரூபாய்.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் இருக்கிற பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். மலையில் வாழ்கிறவர் என்ற பொருளில். கேரளத்தோடு சம்பந்தமில்லை, அவர்கள் பேசுவது தமிழ். "நீங்க எப்ப கேரளாவுல இருந்து வந்தீங்க?" என்று கேட்டவரை எனக்குத் தெரியும் (நான் இல்லை, எனக்கு முன்னால் இருந்த கணக்குப்பிள்ளை). அவர்கள் பேச்சு நிதானம். ஒரு கேள்வி கேட்டால் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து பதில் சொல்வார்கள். அந்த இடைவெளியில் நாம் வாயைத் திறந்து அடுத்த கேள்வியைப் போட்டால் முதல் பதில் வரவே வராது. மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். கணக்கு நோட்டைத் திறந்து வைத்து, ஒவ்வொரு எடையையும் வாய்விட்டுப் படித்துக் காட்டி, ரசீதை அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் கடை வைத்திருப்பவர்கள் கதை வேறு. பெங்களூர் வண்டி நின்றால் கன்னடம், அடுத்த ஆளிடம் இந்தி, விடுதிப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆங்கிலம், டிரைவரிடம் சேலத்துத் தமிழ். மூச்சுக்கு மூச்சு மாறும். ஒருநாள் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நின்றபோது அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் மாற்றுவது சொல்லைத்தான். முகமும் கையும் எல்லோரிடமும் ஒன்றுபோலவே இருந்தன.

8. பக்கத்து வீட்டில் வேறு மொழி கேட்டால்

சேலத்தில் நெசவுக் குடும்பங்கள் நிறைய. வீட்டுக்குள் சௌராஷ்டிரமோ, கன்னடமோ, தெலுங்கோ பேசுகிறவர்கள் வாசலில் தமிழுக்கு மாறுவார்கள். உங்களைப் பார்த்ததும் மொழி மாறினால் உங்களைப் பற்றித்தான் பேசினார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மரியாதைக்கு மாறுகிறார்கள். "அது என்ன பாஷை?" என்று முதல் வாரமே விசாரிக்கவும் வேண்டாம். எனக்கு எட்டாவது மாதம் அவர்களாகவே சொன்னார்கள், சமையலோடு சேர்த்து.

9. ஊருக்குப் போகும்போது திரும்ப மாற்றுவது

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் பொங்கலுக்கு வீட்டுக்குப் போய் "காபி போடட்டுங்களா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "என்னட்டி, 'ங்க' போட்டுப் பேசுத? நான் என்ன ஒனக்கு வீட்டுக்காரம்மாவா?" என்று ஆரம்பித்து, தை மாதம் முழுக்கத் தெருவில் அதே பேச்சு.

இரவுப் பேருந்து திண்டுக்கல்லில் நிற்கும்போதே தங்கைக்குப் போன் செய்து பத்து நிமிடம் சண்டை போடுவேன். நாக்கு வழிக்கு வந்துவிடும். திரும்பி வரும்போது நாமக்கல்லில் டீக்கடை. "சக்கரை கம்மியாங்க" என்று சொல்லிப் பார்த்துக்கொள்வேன், சீனி என்று வந்தால் இன்னொரு டீ.

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது விடியற்காலை ஐந்து. "பொன்னம்மாபேட்டைக்கு எவ்வளவு அண்ணாச்சி?" என்று கேட்ட முதல் வருடம் ஆட்டோவுக்கு 250 கொடுத்தேன். "எவ்வளவுங்கண்ணா?" என்று கேட்கிற இப்போது 180. வெளிச்சம் வரும்வரை உட்கார்ந்திருக்கப் பொறுமை இருந்தால், சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை.